காப்புரிமையா, ரகசியமா, பொதுவில் விடுவதா? உணவு இயந்திரம், ரத்தினம், தரவுச் சுருக்கம்: மூன்று தொழில்கள் சொல்லும் பதில்

1810-ல் பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் தன் கண்டுபிடிப்பை ஊரறிய வெளியிட்டார். கண்ணாடிக் குப்பியில் உணவை இட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, கொதிநீரில் வைத்தெடுத்தால் மாதக்கணக்கில் கெடாது என்பதைப் பல ஆண்டு உழைப்பில் அவர் கண்டிருந்தார். முறை முழுவதையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் பீட்டர் டியூராண்ட் என்ற வணிகர் அதே கருத்துக்குத் தகரப் பாத்திரத்தையும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். வெளிநாட்டவர் ஒருவர் தமக்குத் தெரிவித்த விஷயம் இது என்று விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தார். பின்னர் அந்த உரிமையை 1,000 பவுண்டுக்கு விற்றும்விட்டார். டின் உணவுத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. அப்பேர் 1841-ல் வறுமையில் இறந்தார்.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் முதலில் காப்புரிமைதான்’ என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். காப்புரிமை வாங்கியதாலேயே தன் முறையைத் தொழிலிலிருந்து ஒதுக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள், கீழே வருகிறார்கள். புதிதாக ஒன்றைச் செய்து முடித்தவர் முன்னால் உள்ள வழிகள் மொத்தம் நான்குதான். காப்புரிமை: முறையை முழுக்க எழுதிக் கொடுத்து, பதிலுக்கு விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் பிறரைத் தடுக்கும் உரிமை. தொழில் ரகசியம்: யாருக்கும் சொல்லாமல் காப்பது, கசியாத வரை காலக்கெடு இல்லை. வடிவமைப்புப் பதிவு: வேலை செய்யும் விதத்தை விட்டு, தோற்றத்தை மட்டும் காப்பது. நான்காவது, தேதியோடு பொதுவில் வெளியிட்டுவிடுவது; அதன்பின் அதே விஷயத்துக்கு வேறு யாரும் காப்புரிமை கேட்க முடியாது. இந்த நான்கோடும் ஒட்டிக்கொண்டு, விற்பனைப் பெயரையும் அடையாளத்தையும் காக்கும் வணிகச்சின்னம் வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குச் சட்டப் புத்தகத்தை எடுக்கும் முன், நீங்கள் விற்கப்போகும் பொருளை மேசைமேல் வைத்துப் பாருங்கள் என்பேன். வாங்கியவர் அதைப் பார்த்தே உங்கள் கண்டுபிடிப்பைக் கண்டுபிடித்துவிடுவாரா? போட்டியாளர் அதைப் பயன்படுத்தினால் உங்களுக்குத் தெரியவருமா? பிறர் பயன்படுத்துவது உங்களுக்கு நட்டமா, லாபமா? உணவு இயந்திரமும், ரத்தினப் பட்டையும், கணினிக் கோப்புகளைச் சிறிதாக்கும் தரவுச் சுருக்கமும் இந்தக் கேள்விகளுக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. அதனால்தான் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

இயந்திரம்: கழற்றினால் தெரிந்துவிடும்

இயந்திரத்தை விற்கும்போது ரகசியத்தையும் சேர்த்தே விற்கிறோம். வாங்கியவர் ஸ்பானர் எடுத்தால் போதும். அதனால் இயந்திரத்தின் அமைப்பில் புதுமை இருந்தால் காப்புரிமையே முதல் தேர்வு. அதை எப்படி எழுதி வாங்குவது என்பதில்தான் சிக்கல். அதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ஆலிவர் எவான்ஸ் கதையைவிட நல்ல பாடம் இல்லை.

அமெரிக்கா வழங்கிய மூன்றாவது காப்புரிமை அவருடையது, 1790 டிசம்பரில். மாவு ஆலைக்கான இயந்திரத் தொகுதி அது. தானியத்தையும் மாவையும் மேல்தளத்துக்குத் தூக்கும் வாளித் தொடர், கிடைமட்டமாக நகர்த்தும் திருகு, இவற்றோடு ‘ஹாப்பர்பாய்’ என்ற சுழலும் பரம்பு. அரைத்து வந்த சூடான மாவைத் தளத்தில் பரப்பி ஆறவைத்துச் சல்லடைக்கு ஒதுக்கும் வேலையை அதுவரை ஒரு பையன் கையால் செய்துகொண்டிருந்தான். அந்தப் பையனின் பெயரே இயந்திரத்துக்கு வந்தது. வண்டியில் வந்த தானியம் பீப்பாயில் மாவாகப் போகும்வரை கை படாமல் ஓடிய ஆலை அது. ஜார்ஜ் வாஷிங்டனே உரிமம் வாங்கித் தன் ஆலையில் பொருத்தினார்.

காலம் முடிந்தபின் 1808-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு எவான்ஸின் உரிமையை மீண்டும் நீட்டித்தது. அவர் கட்டணத்தை உயர்த்தினார், ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டதற்குப் பதிலாக 1813-ல் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய கடிதம்தான், ஒருவர் என் விளக்கிலிருந்து தன் திரியை ஏற்றிக்கொண்டால் என் ஒளி குறைவதில்லை, கருத்தும் அப்படியே என்று வாதாடும் புகழ்பெற்ற கடிதம். அறிவுச் சொத்து பற்றிய விவாதங்களில் இன்றும் எடுத்தாளப்படும் அந்த வரிகள் ஒரு மாவு ஆலைத் தகராறில் பிறந்தவை. வாளித் தொடர் நீர் இறைக்கும் பாரசீகச் சக்கரத்தில் இருந்தது, திருகு ஆர்க்கிமிடீஸ் காலத்தது, இதில் எவான்ஸின் புதுமை எங்கே என்று அதில் கேட்டிருந்தார் ஜெஃபர்சன்.

நீதிமன்றமும் கடைசியில் அந்த இடத்தில்தான் பிடித்தது. 1822-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹாப்பர்பாய் வழக்கை எவான்ஸ் தரப்புக்கு எதிராக முடித்தது. முன்பே இருந்த கருவியில் தான் செய்த மேம்பாடு எது என்று விண்ணப்பத்தில் பிரித்துக் காட்டவில்லை என்பது காரணம். எவான்ஸ் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று காப்புரிமை ஆவணத்தின் கடைசிப் பகுதியாக வரும் உரிமைகோரல்களின் வேலையே அந்தப் பிரிப்புதான். வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வழக்கில் நிற்பது அந்தச் சில வாக்கியங்கள் மட்டுமே. பிசைந்த மாவை ஒரே எடையுள்ள உருண்டைகளாக வெட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமைகோரலில் ‘ஒரே தண்டில் பொருத்திய 6 எஃகுக் கத்திகள்’ என்று எழுதினால், எதிராளி 5 கத்தி வைத்துத் தப்புவதற்கு வழி காட்டுகிறீர்கள். ‘சுழலும் தாங்கியில் அமைந்த, ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டும் உறுப்புகள்’ என்று எழுதினால் வலை அகலும். ஆனால் அகல விரித்த வலையில் பழைய இயந்திரம் ஏதாவது சிக்கினால் உங்கள் உரிமையே செல்லாது. அதனால் அகலமான ஒரு கோரலும், அதற்குக் கீழே படிப்படியாகக் குறுகும் கோரல்களும் எழுதுவார்கள். மேலே உள்ளது விழுந்தாலும் கீழே உள்ளது நிற்கும். காப்புரிமை எழுத ஆள் தேடும்போது, பழைய காப்புரிமைகளைத் தேடிப் பார்த்தாரா, இந்த ஏணியைக் கட்டத் தெரிந்தவரா என்று கேளுங்கள். சான்றிதழ் கைக்கு வருவதைவிட இது முக்கியம்.

சரியாக எழுதிய காப்புரிமை தொழிற்சாலையைவிட விலை போகும். கிளாரன்ஸ் பேர்ட்ஸையின் விரைவு உறைய வைக்கும் முறை அப்படிப்பட்டது. குளிரூட்டிய இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே, பொட்டலமாகக் கட்டிய உணவை அழுத்தி வைத்து உறைய வைப்பது. வேகமாக உறைவதால் பனிப் படிகங்கள் சிறியதாக நிற்கும், உணவின் திசு கிழியாது. 1929-ல் அவருடைய நிறுவனமும் காப்புரிமைகளும் 2.2 கோடி டாலருக்கு விலை போயின. விலையின் பெரும்பகுதி காப்புரிமைகளுக்கே.

உணவுத் துறையில் இன்னொரு பாதி இருக்கிறது: இயந்திரத்தை விற்காமல், அதை ஓட்டும் முறையால் பிழைப்பது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எந்த வரிசை என்பவை ஆலைச் சுவருக்குள்ளேயே இருக்கும், விற்கும் பொருளில் தெரியாது. இங்கே ரகசியத்தின் பக்கம் சாய்வது இயல்பு. பக்கத்து ஆலை உங்கள் வெப்பநிலையைப் பயன்படுத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கண்டுபிடிக்கவே முடியாததற்குக் காப்புரிமை வாங்குவது, செய்முறையை அச்சடித்துப் போட்டியாளர் கையில் கொடுப்பதுதான்.

ரகசியத்தைத் தேர்ந்தெடுத்தால் திரும்பிவரும் கதவு மூடிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அசெசல்ஃபேம் பொட்டாசியம் என்ற இனிப்பூட்டியை செலனீஸ் நிறுவனம் ரகசிய முறையில் தயாரித்து விற்றுவந்தது. பிறகு அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியது. 2024-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. முறை வெளியே தெரியாவிட்டாலும், அதால் செய்த பொருளை விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கும் முன்பே விற்றுவிட்டால், அந்த முறைக்குக் காப்புரிமை இல்லை என்பது தீர்ப்பு. கொஞ்ச நாள் ரகசியமாக ஓட்டிப் பார்ப்போம், போட்டி வந்தால் காப்புரிமைக்குப் போவோம் என்ற திட்டம் அங்கே எடுபடாது.

ரத்தினம்: ஒளிக்க இடமே இல்லாத பொருள்

பட்டை தீட்டிய கல்லில் கண்டுபிடிப்பு முழுவதும் மேற்பரப்பிலேயே இருக்கிறது. ஸ்கேனரில் வைத்துச் சுழற்றினால் ஒவ்வொரு பட்டையின் கோணமும் தசமப் புள்ளியோடு திரையில் வரும். ஆக, பட்டை அமைப்பை ரகசியமாக வைக்கும் வழியே இல்லை. காப்புரிமைக்கும் இங்கே பலம் குறைவு. கோணங்களை வரம்பு போட்டு உரிமைகோரினால் எதிராளி அரை டிகிரி தள்ளி வெட்டுவார். வரம்பை விரித்தால் நூற்றாண்டு பழைய வெட்டு ஒன்று உள்ளே வந்து நிற்கும். கற்கள் சிறியவை, பல கை மாறுபவை, பொட்டலத்தில் கலந்துவிடுபவை. யார் வெட்டியது என்று துரத்துவதற்கே கல்லின் விலைக்கு மேல் செலவாகும்.

இத்துறையின் மிகப் பெரிய பங்களிப்பு காப்புரிமை இல்லாமலே வந்தது. வைரத்துக்குள் ஒளி எப்படி வளைந்து திரும்புகிறது என்று மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு 1919-ல் வெளியிட்டார்: அடிப்பகுதிக் கோணம் 40.75 டிகிரி, மேற்பகுதிக் கோணம் 34.5 டிகிரி, மேலே உள்ள தட்டையான முகம் விட்டத்தில் 53 சதவீதம். அடிப்பகுதி ஆழம் கூடினாலும் குறைந்தாலும் ஒளி பக்கவாட்டில் ஒழுகிவிடும், கல் மங்கும். வட்ட வடிவ வைரத்தின் தரத்தைப் பேசுபவர்கள் நூறு ஆண்டுகளாக இந்த எண்களிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

காப்புரிமை வாங்கியவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் அஷர் 1902-ல் உருவாக்கிய, மூலை வெட்டிய சதுர அடுக்குப் பட்டை (படிபோல் அடுக்கடுக்காக இறங்கும் வெட்டு) அப்படிக் காக்கப்பட்டது. காலம் முடிந்ததும் எல்லாரும் வெட்டினார்கள். குடும்ப நிறுவனம் பின்னாளில் 74 பட்டைகளோடு புதிய வடிவத்தைச் செய்து ‘ராயல் அஷர்’ என்ற பெயரில் விற்றது. ஹென்றி கிராஸ்பார்ட் கதை இன்னும் தெளிவானது. அடுக்குப் பட்டையின் உருவமும் வட்ட வைரத்தின் மினுக்கும் சேர்ந்த ‘ரேடியண்ட்’ வெட்டுக்கு அவர் 1977-ல் காப்புரிமை பெற்றார். காலம் முடிந்தபோது வடிவத்தோடு பெயரும் பொதுவாகிவிட்டது. இன்று எந்தக் கடையிலும் ரேடியண்ட் கிடைக்கும். அவர் நிறுவனம் தன் கற்களைப் பிரித்துக் காட்ட ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை முன்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. கண்டுபிடிப்பின் பெயரும் விற்பனைப் பெயரும் ஒன்றாக இருந்தால் இதுதான் நடக்கும். முதல் நாளிலிருந்தே இரண்டு பெயர் வையுங்கள்: வெட்டுக்கு எல்லாரும் சொல்லக்கூடிய ஒரு பெயர், உங்கள் சரக்குக்குத் தனிப் பெயர்.

எனவே புதிய பட்டை அமைப்புக்கு என் தேர்வு வடிவமைப்புப் பதிவும் வணிகச்சின்னமும். பதிவு செலவு குறைவு, சீக்கிரம் கிடைக்கும், அமெரிக்காவில் 15 ஆண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப்பித்துக்கொண்டே போனால் 25 ஆண்டும் நிற்கும். சின்னமோ, பயன்படுத்திப் புதுப்பிக்கும் வரை வாழும். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் சின்னத்தைப் பொறித்துவிட்டால் பொட்டலத்தில் கலந்தாலும் உங்கள் கல் உங்கள் கல்தான். அந்தப் பொறிப்பு முறைக்கு 1983-ல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. அது சரியான தேர்வும்கூட, ஏனென்றால் அது ஒரு கருவியின் வேலை. பட்டையின் உருவம் போலத் தப்பிக்க எளிதானதில்லை.

தீட்டும் முறை மட்டும் ரகசியத்துக்கே உரியது. எந்தத் தட்டு, எந்தப் பொடி, எந்த வேகம், எந்தப் பட்டையை முதலில் எடுப்பது, கரட்டுக் கல்லை எந்தத் திசையில் பிளந்தால் எடை மிஞ்சும் என்பதெல்லாம் முடிந்த கல்லில் தடயம் விடுவதில்லை. வட்ட வைரம் தீட்டும்போது கல்லின் எடையில் பாதிக்கு மேல் போய்விடுவது சாதாரணம் என்கிறபோது, உண்மையான காசு இந்தக் கைப்பக்குவத்தில்தான் இருக்கிறது.

தரவுச் சுருக்கம்: கொடுத்தால்தான் வாழும்

சுருக்கிய கோப்பை விரிக்க எதிர்முனையில் ஒரு நிரல் வேண்டும். அதாவது உங்கள் கண்டுபிடிப்பின் பாதியை உலகத்துக்கே விநியோகித்தால்தான் மீதிப் பாதிக்கு மதிப்பு. இயந்திரத்தைப் பத்து ஆலைகள் வாங்கினால் வெற்றி. சுருக்க முறையைப் பத்துப் பேர் மட்டும் பயன்படுத்தினால் அது தோல்வி. இந்த ஒரு வேறுபாடு காப்புரிமையின் கணக்கைத் தலைகீழாக்குகிறது.

லெம்பல், ஸிவ் இருவரின் 1978-ஆம் ஆண்டுச் சுருக்க முறையை டெர்ரி வெல்ச் மெருகேற்றினார். மூவர் பெயரின் முதல் எழுத்துகளால் எல்.இசட்.டபிள்யூ. என்று வழங்கும் முறை அது. வெல்ச் வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் 1983 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1984-ல் ஒரு கணினி இதழில் கட்டுரை வந்தது. படித்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். அக்காலத்தில் அமெரிக்காவில் விண்ணப்பங்களை வெளியிடும் வழக்கம் இல்லை, வழங்கிய பிறகுதான் தெரியும். 1985 டிசம்பரில் காப்புரிமை வந்தது. 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் இதே முறையை வைத்து ஜிஃப் படவடிவத்தை வெளியிட்டது. ஸ்பெர்ரி இதற்குள் யூனிசிஸ் ஆகியிருந்தது. 1994 டிசம்பர் இறுதியில், ஜிஃப் எழுதும் மென்பொருள்களுக்கு உரிமம் வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது.

சில நாட்களிலேயே இணையத்தில் ஒரு குழு மாற்று வடிவத்தைப் பேசத் தொடங்கியது. 1996-ல் பி.என்.ஜி. என்ற படவடிவம் வந்துவிட்டது. கோப்புச் சுருக்கத்தில் அதற்கு முன்பே, காப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்க, ஜிஸிப் என்ற மென்பொருள் வந்திருந்தது. இரண்டும் நம்பிய டிஃப்ளேட் என்ற சுருக்க முறை காப்புரிமைத் தொல்லை இல்லாமல் எழுதக்கூடியதாக 1996-ல் திறந்த ஆவணமாக வெளியானது. 2003-ல் அமெரிக்கக் காப்புரிமை முடிந்தபோது வெல்ச்சின் முறையைத் தொழில் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது. யூனிசிஸுக்கு உரிமப் பணம் வந்தது உண்மை. ஆனால் ஒரு முறையைத் தரநிலையாக வாழவைக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமென்றால், இதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை.

எண்கணிதக் குறியாக்கம் என்ற இன்னொரு சுருக்க முறைக்கும் இதே கதி. ஜேபெக் என்ற புகைப்படத் தரநிலையிலேயே அதற்கு இடமுண்டு, படத்தை இன்னும் சில சதவீதம் சுருக்கவும் செய்யும். ஐபிஎம் உள்ளிட்டவர்களின் காப்புரிமை சூழ்ந்திருந்ததால் மென்பொருள் எழுதியவர்கள் அதைத் தொடவில்லை. டேவிட் ஹஃப்மன் 1952-ல் காப்புரிமை இல்லாமல் வெளியிட்ட முறையையே எடுத்தார்கள். ஹஃப்மன் குறியாக்கம், மாணவராக இருந்தபோது அவர் ஒரு பாடத்துக்காகச் செய்தது. இன்று நாம் திறக்கும் ஸிப் கோப்பிலும் புகைப்படத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பொதுவில் விடுவதிலும் ஓட்டை உண்டு. போலந்தின் யாரோஸ்லாவ் டூடா, ஏ.என்.எஸ். என்ற குறியாக்கக் குடும்பத்தை எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றே வெளியிட்டார். 2016-ல் வந்த இஸட்-ஸ்டாண்டர்ட் உட்படப் பல கருவிகள் அதன்மேல் நிற்கின்றன. ஆனால் அதை வீடியோவில் பயன்படுத்துவதற்கு கூகுள் விண்ணப்பித்தது, டூடா எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது. 2022-ல் மைக்ரோசாஃப்ட் அதன் ஒரு வகையின் மேம்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றது. மூலக்கருத்தை வெளியிட்டவர், அதன் வெளிப்படையான பயன்பாடுகளையும் மாற்றங்களையும் சேர்த்தே எழுதி வெளியிட்டால்தான் வேலி அடைக்கும். ‘இதைப் படங்களுக்கும், வீடியோவுக்கும், வன்பொருளிலும் இப்படிப் பயன்படுத்தலாம்’ என்று நாலு பக்கம் கூடுதலாக எழுதுவது செலவில்லாத காப்பு.

சுருக்கத்தில் காப்புரிமை வென்றதே இல்லையா என்றால், உண்டு. வட்டுச் சுருக்க மென்பொருள் செய்த ஸ்டாக் நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.டாஸ் 6 என்ற இயக்க மென்பொருள் மீது வழக்குப் போட்டது. 1994-ல் நடுவர் குழு 12 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அதே தீர்ப்பில், மைக்ரோசாஃப்ட்டின் தொழில் ரகசியத்தை ஸ்டாக் பயன்படுத்தியதற்காக 1.36 கோடி டாலரைத் திருப்பித் தரவும் சொன்னது. ஸ்டாக் காப்பாற்ற வேண்டியது தன் சொந்த மென்பொருள் விற்பனை. உலகம் தன் வடிவத்துக்கு மாற வேண்டும் என்று அது எதிர்பார்க்கவில்லை. அந்த நிலையில் இருப்பவருக்குக் காப்புரிமை பொருந்தும். தரநிலையாக வேண்டும் என்பவருக்குப் பொருந்தாது.

சட்டத்தின் சாய்வும் இந்தப் பக்கமே. ஐரோப்பாவும் இந்தியாவும் கணினி நிரலை நிரல் என்ற அளவில் மட்டும் காப்புரிமைக்கு ஏற்பதில்லை. அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டின் ஆலிஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு அருவக் கருத்தைக் கணினியில் ஓட்டுவது மட்டும் போதாது. தொழில்நுட்பப் பலன் ஒன்றை, நினைவகம் மிச்சமாவதையோ சிப்பில் ஓட்டம் வேகமாவதையோ, ஆவணத்தில் நிறுவிக் காட்ட முடிந்தால் வழியுண்டு. நேரமும் பணமும் அதிகம் போகும் வழி அது. குறியாக்கியில் (சுருக்கும் நிரலில்) உள்ள நுட்பங்களை, அதாவது எதை வைத்து எதை விடுவது என்று முடிவெடுக்கும் தந்திரங்களை, உங்கள் சர்வருக்குள் ரகசியமாக வைத்துக்கொண்டு, விரிக்கும் வடிவத்தை மட்டும் திறந்துவிடுவது எனக்கு இன்னும் நல்லதாகப் படுகிறது. கோப்பு எந்த வழியில் சிறியதாயிற்று என்பது கோப்பைப் பார்த்து முழுதாகத் தெரியாது.

முடிவெடுக்கும் முன்

எந்த வழியானாலும், வெளியே காட்டுவதற்கு முன் முடிவெடுங்கள். பெரும்பாலான நாடுகளில், விண்ணப்பத்துக்கு முன் நீங்களே கண்காட்சியில் வைத்தாலும் வீடியோ போட்டாலும் புதுமை போய்விடும். அமெரிக்கா தரும் ஓராண்டுச் சலுகையை நம்பி ஐரோப்பாவை இழந்தவர்கள் உண்டு. வடிவமைப்புக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு நாட்டில் விண்ணப்பித்த பிறகு பிற நாடுகளுக்குப் போக, பாரிஸ் உடன்படிக்கைப்படி காப்புரிமைக்கு 12 மாதமும் வடிவமைப்புக்கு 6 மாதமும் கிடைக்கும். இந்த இரண்டாவது கெடுவைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

ரகசியம் என்று முடிவு செய்தால், அதை ரகசியமாகவே நடத்தியதற்குச் சான்று வேண்டும்: யாருக்கு அனுமதி, யார் கையெழுத்திட்டார்கள், எந்தத் தாள் எங்கே பூட்டியிருக்கிறது. நீதிமன்றம் முதலில் கேட்பது அதைத்தான். நீங்கள் மறைத்ததை வேறொருவர் சொந்தமாகக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினால் உங்களால் தடுக்க முடியாது. முன்பே பயன்படுத்தியவர் தொடரலாம் என்று பல நாடுகள் அனுமதிக்கின்றன. அந்த அனுமதிக்கும் தேதியிட்ட ஆவணம் தேவை. பொதுவில் விடுவதானால், காப்புரிமைப் பரிசோதகர் தேடும் இடத்தில், தேதி மாறாத வடிவில் வெளியிடுங்கள். நண்பர்கள் குழுவில் பகிர்ந்த கோப்பை எந்தப் பரிசோதகரும் கண்டெடுக்கப்போவதில்லை.